முருகன் என்று அடித்தால் எந்த முருகன் வருவார்? மின்னஞ்சல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மெயிலில் பெறுநர் பெயர் அடிக்கும் ‘டு’ கட்டத்தைப் பற்றியவை. இரண்டு எழுத்து அடித்ததுமே கீழே விரிகிறதே ஒரு பெயர்ப் பட்டியல், அது எங்கிருந்து வருகிறது, ஏன் தப்பான ஆளை முன்னால் நிறுத்துகிறது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஜிமெயிலில் நான் சேமித்து வைக்காத ஆட்களின் பெயரெல்லாம் வருகிறது. யார் சேர்த்தது? — திருச்சி வாசகர்

நீங்கள்தான், தெரியாமலேயே. புதிதாக ஒருவருக்கு மெயில் அனுப்பினாலோ, வந்த மெயிலுக்குப் பதில் போட்டாலோ ஜிமெயில் அந்த முகவரியை ‘அதர் கான்டாக்ட்ஸ்’ என்ற பகுதியில் போட்டுவைக்கிறது. போன வருடம் ஒரே ஒரு தடவை பேசிய கூரியர் கம்பெனிகூட அங்கே இருக்கும். கம்ப்யூட்டரில் கூகுள் கான்டாக்ட்ஸைத் திறந்து, இடப்பக்கம் அந்தப் பெயரைச் சொடுக்கினால் மொத்தக் குவியலும் தெரியும். வேண்டாததை அங்கேயே நீக்கலாம்.

இனிமேல் சேரவே கூடாது என்றால் ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஜெனரல்’ பகுதியில் ஆட்டோகம்ப்ளீட்டுக்காக (பெயரைத் தானாக நிரப்பும் வசதி) கான்டாக்ட் உருவாக்குவது பற்றி ஒரு தேர்வு இருக்கிறது. அதில் ‘நானே சேர்த்துக்கொள்கிறேன்’ என்ற பொருளில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தண்டர்பேர்டு என்ற மெயில் நிரலில் இதே குவியலுக்கு ‘கலெக்டட் அட்ரஸஸ்’ என்று பெயர். மேக்கில் ஆப்பிள் மெயிலின் ‘விண்டோ’ மெனுவில் ‘ப்ரீவியஸ் ரெசிபியன்ட்ஸ்’ என்று இருக்கும். பலர் வருடக்கணக்கில் அந்த மெனுவைத் திறந்ததே இல்லை.

நண்பர் வேலை மாறி இரண்டு வருடம் ஆகிறது. அவுட்லுக் இன்னும் பழைய ஆபீஸ் முகவரியைத்தான் முதலில் காட்டுகிறது. கான்டாக்டில் திருத்திவிட்டேனே? — கோவை வாசகர்

கான்டாக்ட் வேறு, ஆட்டோகம்ப்ளீட் பட்டியல் வேறு. ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறாது. பெயர் விரியும்போது அதன் வலப்பக்கம் தெரியும் பெருக்கல் குறியை அழுத்துங்கள், அல்லது அம்புக்குறியால் அந்தப் பெயருக்கு இறங்கி டிலீட் அடியுங்கள். அவ்வளவுதான். மொத்தமாகக் காலி செய்ய ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போனால் ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அதை யோசித்துச் செய்யுங்கள். பழைய வகை அவுட்லுக்கில் அந்தப் பட்டியல் வழக்கமாக 1000 பெயர் வரை பிடிக்கும், காலி செய்தால் ஆயிரமும் போய்விடும்.

ஆபீஸ் மெயிலுக்கான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொந்தரவு வரும். ஒருவரின் மெயில்பாக்ஸை ஐ.டி. ஆட்கள் அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாகத் தந்திருப்பார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் அனுப்பினால் ‘ஐ.எம்.சி.இ.ஏ.இ.எக்ஸ்.’ என்று தொடங்கும் ஒரு நீள முகவரியோடு திரும்பி வரும். காரணம், பட்டியல் நினைவில் வைத்திருப்பது நீங்கள் பார்க்கும் முகவரியை அல்ல, சர்வரின் உள் அடையாளத்தை. இதற்கும் மருந்து அதே பெருக்கல் குறிதான். நீக்கிவிட்டு ஆபீஸ் முகவரிப் புத்தகத்திலிருந்து ஆளைப் புதிதாகத் தேர்ந்தெடுத்தால் போய்ச் சேரும்.

பெயரைத் தேர்ந்தெடுத்ததும் முகவரி மறைந்து பெயர் மட்டும் நிற்கிறது. ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும்போது யாருக்குப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? — மதுரை வாசகி

மெயிலில் பெயர் என்பது சும்மா ஒட்டிய சீட்டு. கோண அடைப்புக்குள் இருக்கும் முகவரிக்குத்தான் கடிதம் போகும். மெயிலின் எழுத்துமுறையை வகுக்கும் ஆர்.எஃப்.சி. 5322 என்ற 2008ஆம் ஆண்டு ஆவணத்தின்படி பெயர் விருப்பப்பட்டால் சேர்க்கும் பகுதி. ஆனால் திரையில் மெயில் நிரல்கள் முன்னால் நிறுத்துவது அந்தப் பெயரைத்தான். எனக்கு இது எப்போதுமே தலைகீழான வடிவமைப்பாகத்தான் படுகிறது.

இதன் விலையைக் காட்ட ஆஸ்திரேலியக் கதை ஒன்று போதும். 2014 நவம்பரில் பிரிஸ்பேனில் ஜி20 மாநாடு நடந்தது. வந்த 31 தலைவர்களின் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி போன்றவற்றை அந்நாட்டுக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர் ஆசியக் கோப்பை கால்பந்து அமைப்பாளர் ஒருவருக்கு அனுப்பிவிட்டார். பட்டியலில் ஒபாமா, புதின், மோடி எல்லாரும் இருந்தார்கள். அவுட்லுக் தானாக நிரப்பிய பெயரை ஊழியர் சரிபார்க்கவில்லை என்பதே துறை சொன்ன காரணம். 2015 மார்ச்சில்தான் விஷயம் வெளியே வந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜிமெயிலில் பெயரின்மேல் சுட்டியை வைத்தால் முகவரி தெரியும், ஃபோனில் பெயரைத் தட்டுங்கள். ஆப்பிள் மெயிலில் ‘ஸ்மார்ட் அட்ரஸஸ்’ என்ற தேர்வை எடுத்துவிட்டால் முழு முகவரியும் எப்போதும் நிற்கும். அதே ஆப்பிள் மெயிலின் ‘கம்போசிங்’ செட்டிங்ஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று உண்டு. உங்கள் ஆபீஸ் டொமைனை (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) அங்கே எழுதிவைத்தால் அதில் முடியாத முகவரிகள் எல்லாம் சிவப்பில் வரும். வெளியாள் ஒருவர் தவறி நுழைந்தால் கண்ணில் உறுத்தும். தண்டர்பேர்டில் வந்த மெயிலைப் படிக்கும்போதும் பெயர் மட்டும் தெரிந்தால், செட்டிங்ஸில் ‘முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களுக்குப் பெயரை மட்டும் காட்டு’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரரை ஃபோனில் ‘ஹவுஸ் ஓனர் கஞ்சன்’ என்று சேமித்திருக்கிறேன். மெயில் அனுப்பினால் அவருக்கு அது தெரியுமா? — சென்னை வாசகர்

தெரியும். உடனே மாற்றுங்கள்.

சிரிப்பாக இருந்தாலும் கேள்வி முக்கியமானது. ‘டு’ வரியில் போகும் பெயர் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல, அனுப்புகிற நீங்கள் தருகிற பெயர். ஃபோன் கான்டாக்ட்கள் கூகுள் கணக்கோடு இணைந்திருந்தால் ஃபோனில் வைத்த பட்டப்பெயர் அப்படியே ஜிமெயிலுக்கு வந்துவிடும். நீங்கள் எழுதும் மெயிலின் தலைப்பகுதியில் அது ஏறிப் போகும். அவருக்கு மட்டும் அல்ல, ‘சிசி’யில் உள்ள அத்தனை பேருக்கும். அவர்களில் யாராவது ‘ரிப்ளை ஆல்’ போட்டால் அவர்களுடைய நிரலும் அதே பெயரோடு முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வைத்த பட்டப்பெயர் அலுவலகம் முழுக்கப் பரவுவது இப்படித்தான்.

சோதித்துப் பார்க்க, உங்கள் இன்னொரு முகவரியை ஏதாவது வேடிக்கைப் பெயரில் சேமித்து அதற்கு ஒரு மெயில் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஜிமெயிலின் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ பாருங்கள். ‘டு’ என்ற வரியில் நீங்கள் வைத்த பெயர் உட்கார்ந்திருக்கும். அவுட்லுக்கில் கான்டாக்டில் உள்ள ‘டிஸ்ப்ளே அஸ்’ கட்டம்தான் வெளியே போவது. அதைத் திருத்தியபின் ஆட்டோகம்ப்ளீட்டில் இருக்கும் பழைய பதிவையும் நீக்குங்கள், இல்லாவிட்டால் கஞ்சன் மறுபடி கிளம்புவார். மனதில் உள்ளதை எழுதியே ஆகவேண்டுமென்றால் ‘நோட்ஸ்’ கட்டம் இருக்கிறது.

எக்செலிலிருந்து பெயர்ப் பட்டியலை ஒட்டினால் ஒருவர் இரண்டாக உடைகிறார். ஏன்? — சேலம் வாசகி

பெயரை ‘செல்வம், மு.’ என்று எழுதியிருப்பீர்கள். காற்புள்ளி பெறுநர்களைப் பிரிக்கும் குறி. எனவே ‘செல்வம்’ முகவரி இல்லாத தனி ஆளாகிவிடுகிறார். பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் உடையாது: "செல்வம், மு." <செல்வம்@ஆபீஸ்.காம்> என்ற மாதிரி. இன்னொன்று, நம் இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியும் விதிப்படி மேற்கோளுக்குள்தான் இருக்கவேண்டும். நிரல்களே போட்டுக்கொள்ளும். சில மெயில்களில் உங்கள் பெயரைச் சுற்றி மேற்கோள் தெரிவதற்கு அந்தப் புள்ளி காரணமாக இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை.

கான்டாக்டில் பெயரைத் தமிழில் வைத்தேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் வருவதில்லை. சில மெயில்களில் தமிழ்ப் பெயர் நடுவில் கறுப்புக் கட்டத்தோடு உடைந்தும் வருகிறது. — யாழ்ப்பாண வாசகர்

முதல் பாதி எளிது. நீங்கள் அடிக்கும் எழுத்தைப் பெயரோடும் முகவரியோடும் ஒப்பிட்டுத்தான் பட்டியல் விரிகிறது. ஒலி ஒன்று என்று அதற்குத் தெரியாது. முகவரியின் முதல் எழுத்துகளை அடியுங்கள், அல்லது முதல் பெயர்க் கட்டத்தில் தமிழும் கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஆங்கில எழுத்துமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வழியிலும் அகப்படுவார்.

உடைவதன் கதை கொஞ்சம் சுவையானது. மெயிலின் தலைப்பகுதி ஆங்கில எழுத்துக் காலத்தில் பிறந்தது. அதனால் மற்ற எழுத்துகளை 1996இல் வந்த ஆர்.எஃப்.சி. 2047 சொல்கிறபடி சங்கேதமாக மாற்றித்தான் வழக்கமாக அனுப்புகிறார்கள். ஒரு சங்கேதத் துண்டு 75 குறிக்கு மேல் போகக்கூடாது. ‘மீனாட்சிசுந்தரம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒன்பது எழுத்து. கம்ப்யூட்டர் கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனியாக எண்ணி 16 என்கிறது. ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 48. அதை மூன்று பைட்டை நான்கு குறியாக்கும் பேஸ்64 முறையில் மாற்றினால் 64 குறி. முன்னும் பின்னும் வரும் உறை 12. மொத்தம் 76, எல்லையை விட ஒன்று கூடுதல்!

எனவே அந்தப் பெயரை இரண்டாக வெட்டியே ஆகவேண்டும். ஒரு எழுத்துக்கு உள்ளே வெட்டக்கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அவசரத்தில் எழுதிய நிரல்கள் மூன்று பைட்டின் நடுவே கத்தி வைத்துவிடுகின்றன, அதைத்தான் நீங்கள் கறுப்புக் கட்டமாகப் பார்க்கிறீர்கள். தவறு அனுப்பியவர் பக்கத்து நிரலில். நீங்கள் செய்ய எதுவும் இல்லை, சொல்லிவிடலாம்.

மேலாளர் பெயரில் மெயில் வந்தது, பதிலும் போட்டுவிட்டேன். பிறகுதான் முகவரி வேறு என்று தெரிந்தது. இப்போது அவர் பெயரை அடித்தால் அந்தத் திருட்டு முகவரியும் வருகிறது. — பெங்களூர் வாசகர்

பதில் போட்டதால் அது பட்டியலில் ஏறிவிட்டது. இதுதான் உண்மையான ஆபத்து, ஏனென்றால் அடுத்த மாதம் நீங்களாகவே சம்பளக் கோப்பை அதற்கு அனுப்பக்கூடும். மேலே சொன்னபடி இன்றே நீக்குங்கள். எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற சோதனைகள் எல்லாம் டொமைன் உண்மையா என்றுதான் பார்க்கின்றன. முன்னால் ஒட்டிய பெயர் யாருடையது என்று பார்ப்பதில்லை. யார் வேண்டுமானாலும் உங்கள் மேலாளர் பெயரை வைத்துக்கொள்ளலாம். ஆபீஸ் ஐ.டி. பிரிவுக்கும் தகவல் சொல்லுங்கள், அந்த மெயில் உங்களுக்கு மட்டும் வந்திருக்காது.

தப்பான ஆளுக்குப் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியுமா? — பலர்

போய்ச் சேர்ந்தபின் முடியாது. அவுட்லுக்கின் ‘ரீகால்’ ஒரே நிறுவனத்துக்குள் இருப்பவர்களிடம்தான் பலிக்கும். மற்றபடி உள்ளவை எல்லாம் கிளம்புவதற்கு முன் தாமதிக்கும் ஏற்பாடுகள். ஜிமெயிலின் ‘அன்டூ சென்ட்’ 5, 10, 20, 30 விநாடி என்று நான்கு தேர்வு தருகிறது, நேராக 30இல் வையுங்கள். ஐஃபோன் மெயிலிலும் 2022இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல் இது இருக்கிறது. பழைய அவுட்லுக்கில் ‘ரூல்’ ஒன்று எழுதி எல்லா மெயிலையும் 120 நிமிடம் வரை நிறுத்தி வைக்கலாம். இரண்டு நிமிடம் போதும்.