காமர்ஸ் படித்த பையன் எலக்ட்ரானிக்ஸுக்குப் போகலாமா?

குளச்சலை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவர் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். மகன் பிளஸ் டூவில் காமர்ஸ், மார்க் சுமார்தான். துபாயில் இருக்கும் அம்மாவின் அண்ணன், பையனைப் பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் பிபிஏ ஏவியேஷன் சேர்க்கச் சொல்கிறார். மூன்று வருடத்துக்கு விடுதியோடு சேர்த்து ஆறு லட்சம் ஆகுமாம். பையனோ வீட்டில் பழுதான எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டான். எலக்ட்ரானிக்ஸ்தான் வேண்டும் என்று நிற்கிறான். "காமர்ஸ் எடுத்துட்டு அதெல்லாம் முடியுமா சார்? சொந்தக்காரங்க சிரிக்காங்க" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று எழுதிவிட்டு நான் அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பையனுடைய ஆசை இல்லை, அந்த ஆறு லட்சம்.

ஏவியேஷன் மேனேஜ்மென்ட் என்றதும் விமானம் கண்ணில் வந்து நிற்கும். விமானத்தை ஓட்டுவதற்கோ பராமரிப்பதற்கோ அந்தப் படிப்பு உரிமம் தராது. அவற்றுக்குத் தனிப் படிப்பும் தனித் தேர்வும் உண்டு. விமான நிலையத் தரைப்பணிக்கு ஆள் எடுக்கும்போது பல நிறுவனங்கள் பிளஸ் டூவோ ஏதாவது ஒரு டிகிரியோ இருந்தால் போதும் என்கின்றன. மாவட்டத்துக்குள்ளேயே ஒரு கல்லூரியில் பி.காம் படித்தவனும் அதே வரிசையில்தான் நிற்பான். அப்படியிருக்க, உங்கள் நகையை அடகு வைத்து அந்த வரிசைக்கு ஏன் ஆறு லட்சத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும்? அண்ணன் அன்பில் சொல்கிறார், மறுக்கவில்லை. "மக்கா, பெங்களூரு போனா லைஃப் செட்டு" என்று சொல்ல எளிது. வட்டி கட்டப்போவது அவர் இல்லை. முழுப் பணத்தையும் தன் கையிலிருந்து தருகிறேன், திருப்பித் தர வேண்டாம் என்று அவர் சொன்னாலும், பையனுக்கு மனமில்லாத படிப்பில் மூன்று வருடம் போகும். அதை யாரும் திருப்பித் தர முடியாது.

இன்ஜினியரிங், நர்ஸிங், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நாகர்கோவிலில் எந்த பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் அந்த போர்டுகள் தெரியும்.

பையன் கேட்டதற்கு வருகிறேன். காமர்ஸ் படித்தவன் எலக்ட்ரானிக்ஸ் கற்கலாம். எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் என்கிற இரண்டு வருட ஐடிஐ படிப்புக்குத் தகுதி, கணிதம், அறிவியலோடு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. பிளஸ் டூவில் என்ன குரூப் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, சைக்கிள் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு, பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. நீங்களே சேரலாம் அம்மா, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நேராகக் கோணம் அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமா சேரலாமே என்று யாராவது கேட்பார்கள். சேரலாம், பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து முதல் வருடத்தில். ஆனால் இரண்டு வருடம் கணக்கையும் இயற்பியலையும் தொடாத பிள்ளை அங்கே முதல் வருடத்திலேயே அரியர் வைத்துவிட்டு மனம் உடைவதைப் பார்க்கிறேன். கை முதலில் பழகட்டும் என்பது என் கட்சி. இரண்டு வருட ஐடிஐ முடித்தவனுக்கு டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை இருக்கிறது. டிப்ளமா முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். வழி அடைபடாது, ஒவ்வொரு இடத்திலும் இறங்கிச் சம்பாதிக்கவும் முடியும்.

கணக்குப் பயம் தம்பிக்கு வேண்டவே வேண்டாம். ஓம் விதி என்பது ஒரு பெருக்கல்: மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் வோல்ட். அதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் ஓமின் அப்பா பூட்டுச் செய்கிற தொழிலாளி. ஒரு சந்திப்புக்குள் எவ்வளவு மின்னோட்டம் வருகிறதோ அவ்வளவும் வெளியே போயாக வேண்டும் என்கிற கிர்க்காஃப் விதியைக் கேட்டதும், அக்கவுண்டன்சி படித்தவன் பற்று வரவை நினைத்துக்கொள்வான். சயின்ஸ் குரூப் பிள்ளைகளைவிட அவனுக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

இனி, உங்கள் கடற்கரையில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத வேலை ஒன்று: படகு எலக்ட்ரானிக்ஸ்.

உங்கள் வீட்டுக்காரர் போகிற படகின் வீல்ஹவுஸை, அதாவது படகை ஓட்டும் அறையை நினைத்துப் பாருங்கள். ஜிபிஎஸ் இருக்கும், ஒலியை அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் இருக்கும், வயர்லெஸ் செட் இருக்கும், பெரிய படகென்றால் தன் இருப்பிடத்தைச் சுற்றியுள்ள கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏஐஎஸ்ஸும் இருக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசும் விஎச்எஃப் அலை அடிவானத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் போகாது. அதனால்தான் இப்போது செயற்கைக்கோள் வழியே இருபக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் வருகின்றன. நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளில் இவற்றைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பொருத்திவிட்டால் போதுமா? உப்புக்காற்றில் வருடக்கணக்கில் ஓட வேண்டும்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று தம்பி தெரிந்துகொள்ள ஒரு பழுதைச் சொல்கிறேன். வயர்லெஸ் செட்டில் அடுத்த படகு பேசுவது நன்றாகக் கேட்கிறது. நாம் பேசப் பட்டனை அமுக்கினால் செட் அணைந்துவிடுகிறது. டிரைவர் "செட்டு போச்சு, புதுசு வாங்கணும்" என்பார். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 12.5 வோல்ட் காட்டும். அப்படியானால் பேட்டரியும் வயரும் சரி, செட்தான் கெட்டது என்று பாதிப் பேர் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவே ஏதோ ஒரு இணைப்பில் பச்சைக் களிம்பு பிடித்து, அங்கே அரை ஓம் தடை உட்கார்ந்திருக்கிறது. கேட்கும்போது செட் அரை ஆம்பியர்கூட எடுக்காது. களிம்பில் கால் வோல்ட்டுக்குள்தான் இழப்பு. 25 வாட்டில் பேசும்போது ஐந்து ஆம்பியர் எடுக்கும். ஐந்தை அரையால் பெருக்குங்கள், இரண்டரை வோல்ட் அங்கேயே போய்விட்டது. செட்டுக்குப் போய்ச் சேர்வது பத்துதான், அதில் அது அணைந்துவிடும். ஆகவே பட்டனை அமுக்கியபடியே வோல்ட் பார்க்க வேண்டும். அப்புறம் வயரைப் பளபளவென்று செம்பு தெரிகிற இடம் வரை வெட்டிவிட்டு (களிம்பு பிடித்த செம்பில் ஈயம் ஒட்டாது), ஈயம் பூசிய செம்பு வயர் போட்டு, சால்டர் செய்து, பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூட வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமானில் பல ஆயிரம் ரூபாய் செட் பிழைத்தது. படகுக்காரர் அடுத்த முறை யாரைக் கூப்பிடுவார்?

ஆன்டெனா கேபிளும் இப்படித்தான். கனெக்டர் வழியே தண்ணீர் உள்ளே இறங்கி, நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பி கறுத்துப்போகும். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஆனால் அதைச் சோதிக்கும் முன் ஆன்டெனாவைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் சில ஆன்டெனாக்கள் தம்மளவிலேயே ஷார்ட் காட்டும். எக்கோ சவுண்டர் என்றால் ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகும் என்பது தெரிந்தால் போதும்: எதிரொலி திரும்ப 0.1 நொடி ஆனால் ஆழம் 75 மீட்டர். கருவி காட்டுவது சரியா தப்பா என்று இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். டிரான்ஸ்பாண்டர் பெட்டியைத் திறக்கவே கூடாது. அதற்குப் போகும் மின்சாரம், வயர், கனெக்டர் வரைதான் நம் வேலை. வயர்லெஸ்ஸில் அலைவரிசையை மாற்றிக் கொடு என்று சிலர் வந்து நிற்பார்கள். அது லைசென்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம், எத்தனை ரூபாய் நீட்டினாலும் தொடக் கூடாது.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு வசதி. சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுகள் கரையேறி நிற்கும்போதுதான் பழுது பார்ப்பார்கள். இரண்டு கரையையும் சேர்த்தால் மூன்றரை மாதம் சீசன்.

மீதி மாதங்களுக்கு இது மட்டும் சோறு போடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்வெர்ட்டர், சிசிடிவி, சோலார் என்று கரையிலும் வேலை பார்க்க வேண்டும். மாதச் சம்பளம்தான் நிம்மதி என்றால், ஐடிஐ முடித்ததும் ஒரு வருடம் அப்ரென்டிஸ் போகட்டும். அரசு வேலை வேண்டுமென்றால் இஸ்ரோ மையங்கள் டெக்னீஷியன் பி பணிக்குக் கேட்பது பத்தாம் வகுப்பும் ஐடிஐயும்தான். ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரி இஸ்ரோ மையம். போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்க டிகிரி வேண்டாம்.

ஐடிஐ திறக்கும் வரை தம்பி வீட்டிலேயே தொடங்கலாம். மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், சால்டர் இல்லாமலே சர்க்யூட் போட ஒரு பிரெட்போர்டு, கொஞ்சம் ரெசிஸ்டர், எல்இடி. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். டிங்கர்கேட் என்கிற இணையதளத்தில், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இலவசமாகச் சர்க்யூட் போட்டுப் பார்க்கலாம், எதுவும் எரியாது. தையல் தெரிந்தவர், ரப்பர் வெட்டப் போகிறவர், பி.ஏ. தமிழ் முடித்தவர் என்று யார் யாரோ இப்படித்தான் தொடங்குகிறார்கள், 5 வோல்ட்டில் ஒரு விளக்கை மினுக்கவிட்டு. ஒன்றில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள்: 230 வோல்ட்டில் ஓடும் சார்ஜர், டிவி, எல்இடி பல்பு எதையும் இப்போதைக்கு அவன் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். 12 வோல்ட்டுக்கு மேலே இருப்பது வாத்தியார் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

இவ்வளவு சொன்னதால் இதையும் அவன் தலையில் கட்டிவிடாதீர்கள். இந்தத் தடைக்காலத்தில் துறைமுகத்தில் படகு எலக்ட்ரானிக்ஸ் பார்க்கிற யாரிடமாவது இரண்டு வாரம் கூட நிற்க அனுப்புங்கள், சம்பளம் கேட்க வேண்டாம். மீன் வாடையில், வெயிலில், வீல்ஹவுஸ் மேஜைக்கடியில் படுத்து வயர் தேடிவிட்டு வந்து, அன்றைக்குப் பார்த்த பழுதை ராத்திரி உங்களிடம் அவனாகச் சொல்கிறானா என்று பாருங்கள். சொல்லவில்லை, முகம் சுளிக்கிறான் என்றால் எலக்ட்ரானிக்ஸை விட்டுவிடலாம். பக்கத்துக் கல்லூரியில் பி.காம் இருக்கிறது, அதிலும் தப்பில்லை. கடலுக்கு அனுப்ப மனமில்லாமல் வளர்த்த பிள்ளை, படகிலேயே வந்து நிற்கிறானே என்று உங்களுக்கு இருக்கலாம். இது கரையில் நிற்கிற படகு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான்.

ஐடிஐ விண்ணப்பம் ஆன்லைனில்தான். எந்த நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவு இருக்கிறது என்று பட்டியலில் பார்த்துவிட்டு விருப்ப வரிசை கொடுங்கள். விவரம் கேட்கக் கோணம் அரசு ஐடிஐக்கு நேரில் போனாலே சொல்வார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எடுத்துப் போங்கள். பெங்களூர் கல்லூரிக்கு ஆள் சேர்க்கிற ஏஜென்ட் வீட்டுக்கு வந்தால் ஜெராக்ஸ் மட்டும் காட்டுங்கள். ஒரிஜினல் டிசியை சீட் பிடிக்க என்று கையில் வாங்கிக்கொண்டு போனால், திரும்ப வாங்குவதற்குள் இங்கே சேர்க்கை முடிந்துவிடும்.