ஃபில்டரையும் சேர்த்து மாற்றணுமா?

கேள்வி: பெட்ரோல் காருக்கு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். ஆயில் ஃபில்டரை ஒன்றுவிட்டு ஒருமுறை மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: சரியில்லை. ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றுங்கள். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை. பழைய ஃபில்டரில் தங்கிய அழுக்கு ஆயில் புது ஆயிலோடு கலந்துவிடும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு (ஃபில்டரைச் சுற்றிப் போகும் மாற்றுவழி) திறந்து, வடிகட்டாத ஆயிலே இன்ஜின் பேரிங்குகளுக்குப் போகும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியாது, சத்தமும் வராது. தேய்மானம் மட்டும் நடக்கும்.

டப்பா மாதிரி ஃபில்டராக இருந்தால், கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, ரப்பர் இன்ஜினைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று போதும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் அடுத்தமுறை கழற்றுபவர் பாடு திண்டாட்டம்!