கணினி கேள்வி – பதில்: மேசைக் கணினிக்கு வைஃபை

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, கணினி இரண்டு சுவர் தள்ளி உள்ளறையில். நகம் அளவுக்கு ஒரு யூஎஸ்பி வைஃபை வாங்கி சிபியுவின் பின்பக்கம் செருகினேன். அதே மேசையில் மொபைலுக்கு 80 எம்பிபிஎஸ் வருகிறது, கணினிக்கு 15 தாண்டவில்லை. நடுநடுவே அறுந்தும் போகிறது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கணினிக்குள் மதர்போர்டில் செருகும் பிசிஐஇ வைஃபை கார்டு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்று வாங்குங்கள். அடாப்டரை அதில் செருகி மேசை மேல் கொண்டுவந்து வையுங்கள். இப்போது அதற்கும் ரவுட்டருக்கும் நடுவே உங்கள் கேபினெட்டின் இரும்புத் தகடு நிற்கிறது. நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகியிருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தப் போர்ட்டும் பக்கத்து 3.0 போர்ட்டில் ஓடும் ஹார்ட் டிஸ்க்கும் கிளப்பும் மின் இரைச்சல், வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் வந்து விழும். கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

அறுந்து போவதற்கு: டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் உங்கள் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட். மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற வரிக்கு முன்னுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் மொபைலை எட்டிப்பிடிக்காது. மொபைல் அநேகமாக 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கும், இந்தச் சின்ன அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான். பெட்டியில் போட்டிருக்கும் 150 எம்பிபிஎஸ் என்பது 40 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் கிடைக்கும் உச்சக் கணக்கு. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் நெருக்கினால் அகலம் 20க்கு இறங்கும், உச்சமே 72 ஆகிவிடும். கைக்கு வருவது அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டுதான் என்று முடிவானால், கணினியை அணைத்து பவர் வயரையும் பிடுங்கிவிட்டுத் திறங்கள். மதர்போர்டில் இருப்பதிலேயே குட்டையான பிசிஐஇ ஸ்லாட் காலியாக இருந்தால் போதும். அதற்கு நேரான பின்தகட்டைக் கழற்றி, கார்டை அழுத்திச் செருகி, ஸ்க்ரூ முடுக்குங்கள். புளூடூத்துக்காகக் கார்டோடு வரும் மெல்லிய யூஎஸ்பி வயரை மதர்போர்டின் 9 பின் யூஎஸ்பி இணைப்பில் மாட்டுங்கள். இதை விட்டுவிட்டு 'வைஃபை வருகிறது, புளூடூத் வரவில்லை' என்று கடைக்குத் திரும்பப் போகிறவர்கள் நிறைய. ஆன்டெனா நேராகக் கார்டிலேயே திருகும் மாடலென்றால் அதுவும் சிபியுவின் பின்னால் சுவரோடு ஒட்டித்தான் நிற்கும், பழைய கதைதான். நீள வயரும் காந்த அடியும் கொண்ட ஆன்டெனாவோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்த வீடு, கேபிள் இழுக்க வழி இருக்கிறது என்றால் இதெல்லாம் எதற்கு? ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு கேட்-6 நெட்வொர்க் வயர் போதும், 100 மீட்டர் வரை தாங்கும்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): புது அடாப்டரைச் செருகினால் சிடி டிரைவ் மாதிரி ஒரு படம் வருகிறது, வைஃபை வரவில்லை. கூட வந்த சிடியைப் போட என் கணினியில் டிரைவும் இல்லை.

பதில்: சிடி தேவையே இல்லை. படமாகத் தெரிவதற்குள்தான் டிரைவர், அதாவது அடாப்டரை இயக்கும் மென்பொருள், இருக்கிறது. அதைத் திறந்து உள்ளே இருக்கும் செட்டப்பை ஓடவிடுங்கள், முடிந்ததும் படம் மறைந்து வைஃபை வந்துவிடும். வராவிட்டால் உங்கள் ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் வயரால் கணினியோடு இணைத்து, ஹாட்ஸ்பாட் பகுதியில், போனின் இணையத்தை வயர் வழியே கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயர்களில் இது நடக்காது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அதையே கணினிக்குக் கடத்தும், டேட்டா பேக் கரையாது. பிறகு விண்டோஸ் அப்டேட்டை ஓட்டினால் டிரைவரை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

கேள்வி (கோவை வாசகர்): பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் கணினியில் தெரியவில்லை.

பதில்: உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறதா, அல்லது 2.4இல் 12, 13ஆம் சேனலில் நிற்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த சில அடாப்டர்கள் 11க்கு மேல் தேடாது. 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். பெயர் தெரிந்தும் சரியான பாஸ்வேர்டை ஏற்க மறுத்தால், ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருப்பதை டபிள்யூபிஏ2, 3 கலவைக்கு மாற்றுங்கள்.