நைலானையும் பிபியையும் (பாலிப்ரொப்பிலீன்) உருக்கிக் கலந்தால் பிரிந்துவிடுகின்றனவே, கோபாலிமர் சேர்த்தால் நிற்குமா?

நிற்கும். ஆனால் கோபாலிமர், அதாவது இருவகைச் சங்கிலிகள் ஒன்றாக இணைந்த மூலக்கூறு, இரண்டையும் ஒன்றாகக் கரைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நைலானும் பிபியும் கடைசி வரை தனித்தனியாகத்தான் இருக்கும்.

பினாங்கில், பிறைப் பக்கம் ஒரு மறுசுழற்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஒருமுறை நைலான் 6-உம் பிபியும் கலந்த சரக்கை இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து தள்ளும் மெஷின்) ஓட்டினோம். திருகின் வேகத்தைக் கூட்டினால் போதும் என்று நம்பினேன். சோதனைத் துண்டுகளும் தேறின. ஆனால் வார்க்கும் இடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தி, திரும்ப ஓட்டியபோது வந்த பாகங்கள் வெங்காயத் தோல் போல உரிந்தன.

குழம்பைக் கரண்டியால் கலக்கினால் எண்ணெய் சின்னச் சின்னக் கண்களாக உடையும். சும்மா விட்டால் கண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். உருகிய நிலையில் காத்திருந்த எங்கள் பிபித் துளிகளுக்கும் இதுதான் நடந்தது.

அப்புறம் மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஒட்டிய பிபியை 5% சேர்த்தோம். அந்த அன்ஹைட்ரைடு நைலான் சங்கிலியின் முனையிலுள்ள அமீன் என்ற வேதித் தொகுதியோடு வினைபுரியும். ஆக, ஒரு பாதி நைலானிலும் மறு பாதி பிபியிலும் வேரூன்றிய கோபாலிமர், இரண்டும் தொடும் எல்லையிலேயே உருவாகிறது. அதனால் துளிகள் எளிதில் நுணுக்கமாக உடையும். எல்லையும் தையல் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியம், துளியைச் சுற்றி நிற்கும் சங்கிலிகள் பக்கத்துத் துளியை நெருங்கி ஒன்றாக விடாது.

முதலில் கவனித்தவர் மெஷின் ஓட்டும் அண்ணன். "தம்பி, ஆம்பியர் ஏறுது பாரு" என்றார். மோட்டார் இழுக்கும் மின்சாரம் கூடுவது, வினை நடந்து உருகல் கெட்டிப்படுவதன் அடையாளம். திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடைத்த துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தோம். முன்பு பல மைக்ரான் அளவுத் துளிகள் கழன்று விழுந்து வழவழப்பான குழிகள் இருந்தன. இப்போது 1 மைக்ரானுக்கும் சிறிய துளிகள் நைலானோடு ஒட்டியே இருந்தன.

ஒன்றைக் கவனியுங்கள், இதே பொருள் பாலிஎத்திலீன்–பிபி கலவைக்கு உதவாது. அங்கே வினைபுரிய அமீன் இல்லை. அதற்கு இரண்டின் கட்டங்களும் (நீண்ட சங்கிலித் துண்டுகள்) மாறிமாறி வரும் கோபாலிமர் வேண்டும். 2017-இல் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு கட்டங்கள் கொண்ட ஒன்றை 1% சேர்த்தே அந்தக் கலவையை உறுதியாக்கிக் காட்டினார்கள்.

நைலானை நன்றாகக் காயவைத்துவிட்டு ஓட்டுங்கள். பிறகு உருகலைப் பத்து நிமிடம் மெஷினின் சூடான உருளையான பேரலிலேயே நிறுத்திவைத்து, அதில் வார்த்த துண்டை உடைத்துப் பாருங்கள். உடனே வார்த்த துண்டை மட்டும் நம்பித்தான் நான் ஏமாந்தேன்.