ஃபால்அவுட் 5 விளையாட்டில் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன, அஞ்சுவது என்ன? வெளியான அன்றே வாங்குவீர்களா?

டேண்டி என்ற பெண்ணிடமிருந்து தொடங்கினால்தான் இந்தக் கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும். பழைய விளையாட்டுகளின் கதையையும் தொலைக்காட்சித் தொடரின் திருப்பங்களையும் மறைக்காமல் பேசப் போகிறேன்; இனிமேல்தான் விளையாடவோ பார்க்கவோ போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

1997-ல் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்ட முதல் ஃபால்அவுட் கணினி விளையாட்டில், 2077 அக்டோபர் 23 அன்று நடந்த அணுப்போருக்கு 84 ஆண்டுகள் கழித்து, வால்ட் 13 என்ற நிலவறையின் குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பழுதான சில்லுக்கு மாற்று தேடி, 150 நாள் கெடுவோடு நாம் வெளியே அனுப்பப்படுகிறோம். போகும் வழியில் ஷேடி சாண்ட்ஸ் என்ற சிற்றூர் வருகிறது. மண் சுவரும் கொஞ்சம் வயலும் உள்ள அந்த ஊரின் தலைவர் பெயர் அராடேஷ். அவருடைய மகள்தான் டேண்டி. ஊர் வாழ்க்கை சலித்துப்போய் வெளியுலகத்தைப் பார்க்கத் துடிக்கும் இளம்பெண். அவளைக் கொள்ளைக்கூட்டம் ஒன்று தூக்கிச் செல்கிறது. சண்டையிட்டும் அவளை மீட்கலாம், பணம் கொடுத்தும் மீட்கலாம், கூட்டத் தலைவனின் இறந்துபோன தந்தையே திரும்பி வந்துவிட்டதாக அவனை நம்பவைத்து நடுநடுங்கச் செய்தும் மீட்கலாம். மீட்டு ஊரில் விட்டுவிட்டு நாம் நம் வழியே போய்விடுகிறோம். விளையாட்டு முடிந்தபோது, நேர்மையாகச் சொன்னால், அவள் பெயரை நான் மறந்தே விட்டேன்.

1998-ல் வந்த இரண்டாம் பாகம் 2241-ல் நடக்கிறது. அதாவது எண்பது ஆண்டுகள் கழித்து. அந்தச் சிற்றூர் இப்போது புதிய கலிஃபோர்னியக் குடியரசின் தலைநகரம். காவலும் சட்டமும் அரசு அலுவலகமும் உள்ள நகரம். குடியரசுத் தலைவரின் அறைக்குள் நுழைந்தால் மேசைக்குப் பின்னால் ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கிறார். பெயர் டேண்டி. அந்தப் பெயரைத் திரையில் படித்த நொடியில் நான் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் கட்டவிழ்த்து அழைத்து வந்த பெண், நான் விளையாடாத அந்த எண்பது ஆண்டுகளில், ஒரு நாட்டையே கட்டி எழுப்பியிருந்தாள்.

2010-ல் ஆப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய ஃபால்அவுட்: நியூ வேகாஸ் 2281-க்குப் போனபோது டேண்டி உயிரோடு இல்லை. ஆனால் குடியரசின் நூறு டாலர் நோட்டில் அவர் முகம் இருந்தது. அந்தப் பணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் விளையாட்டில் புட்டி மூடிகளே பணம். ஹப் என்ற ஊரின் தண்ணீர் வணிகர்கள் அவற்றுக்கு உத்தரவாதம் தந்தார்கள். இரண்டாவதில் குடியரசின் டாலர் மூடிகளைச் செல்லாக்காசாக்கிவிட்டது. நியூ வேகாஸில் வந்து பார்த்தால், பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் என்ற ஆயுதக் குழு குடியரசின் தங்க இருப்பைத் தாக்கியதால் டாலரின் மதிப்பு விழுந்து, மீண்டும் மூடிகள் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன. விளையாட்டின் ஓட்டத்தில் இதையெல்லாம் யாரும் உட்கார்த்தி வைத்து விளக்குவதில்லை. கடைக்காரர் எதை வாங்கிக்கொள்கிறார், எதற்கு முகம் சுளிக்கிறார் என்பதிலேயே ஒரு நாட்டின் எழுச்சியும் தளர்ச்சியும் தெரிந்துவிடுகின்றன.

என் எதிர்பார்ப்பு முழுவதும் இதுதான்: ஐந்தாம் பாகத்தின் உலகத்தில் காலம் நகர்ந்திருக்க வேண்டும். என் அச்சமும் இதுவேதான்: யாரோ ஒரு குண்டைப் போட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பழையபடி வேதாளம் முருங்கை மரம் ஏறிய கதையாக, பாலைவனத்தையும் துருப்பிடித்த கார்களையும் காட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிடக் கூடாது.

இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. தொடரை இப்போது நடத்தும் பெதெஸ்டா நிறுவனம் 2008-ல் வெளியிட்ட ஃபால்அவுட் 3, போர் முடிந்து 200 ஆண்டுகள் ஆன பின் வாஷிங்டனில் நடக்கிறது. ஆனால் அந்த ஊர் போர் முடிந்து இருபது ஆண்டுகள் ஆனதைப் போல இருக்கிறது. சூப்பர் டூப்பர் மார்ட் என்ற கடையில் இன்னும் உணவு இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லி நம்மை அனுப்புகிறார்கள். போய்ப் பார்த்தால் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளாக ஒருவருமே அந்தக் குளிர்பெட்டியைத் திறக்கவில்லையா? 2015-ல் வந்த ஃபால்அவுட் 4-லும், மக்கள் குடியிருக்கும் இடங்களில்கூடத் தரையில் குப்பையும் சுவரில் ஓட்டையும் அப்படியே கிடக்கின்றன. ஐந்து தலைமுறைகள் வாழ்ந்த வீட்டை யாராவது ஒருவர் பெருக்கியிருக்க மாட்டார்களா என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது.

பெதெஸ்டாவுக்கு இது கைவராத வித்தை என்று சொன்னால் அது அநியாயம். காலியான ஓர் அறைக்குள் இரண்டு எலும்புக்கூடுகளையும் ஒரு மதுப்புட்டியையும் ஒரு பொம்மையையும் வைத்து, ஒரு சொல்லும் இல்லாமல் கடைசி இரவின் கதையைச் சொல்லிவிட அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஃபால்அவுட் 3-ல் வால்ட் 101-ன் கதவு திறந்து, வெயிலில் கண் கூசி, பிறகு மெல்ல அந்தச் சிதைந்த சமவெளி துலங்கும் கணத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் அந்தக் கதைகள் எல்லாமே 2077-ன் கதைகள். அன்று இறந்தவர்களைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாகப் பேசும் விளையாட்டு, அதன் பிறகு வாழ்ந்தவர்களைப் பற்றியும் அதே நுணுக்கத்தோடு பேச வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

2024 ஏப்ரலில் வந்த தொலைக்காட்சித் தொடர் இந்தக் கவலையைக் கூட்டியது. தொடராக அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது; புதிதாகப் பல லட்சம் பேரை இந்த உலகத்துக்குள் அழைத்து வந்ததும் அதுதான். ஆனால் 2296-ல் நடக்கும் அந்தக் கதையில் ஷேடி சாண்ட்ஸ் வெறும் பள்ளமாகக் கிடக்கிறது. டேண்டி வளர்ந்த ஊரை, மூன்று விளையாட்டுகளின் உழைப்பை, குண்டு வைத்து அழித்துவிட்டார்கள். அந்த ஊரின் வீழ்ச்சி என்று தொடரில் ஒரு கரும்பலகையில் எழுதியிருந்த ஆண்டு நியூ வேகாஸோடு பொருந்துகிறதா இல்லையா என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். ஆண்டுக் கணக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. கட்டியதை இடித்தால்தான் கதை நடத்த முடியும் என்ற முடிவுக்குப் படைப்பாளிகள் வந்துவிட்டார்களோ என்பதுதான் என்னை உறுத்தியது. இடிப்பதும் கதைதான், ஆனால் இடிந்த பிறகு அந்த மக்கள் எங்கே போனார்கள், எந்தச் சட்டத்தை நினைவில் வைத்திருந்தார்கள், யார் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதை ஐந்தாம் பாகம் எடுத்துக்கொண்டால், அந்தப் பள்ளத்தை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்வேன்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. ரசிகர்களாகிய நாம் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. நியூ வேகாஸ் ஹூவர் அணைப் போரோடு முடிந்துவிடும். அதன் பிறகு ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு தோழருக்கும் என்ன ஆனது என்று ஒரு படமும் சில வரிகளும் வரும். நம் முடிவுகளின் விளைவை ஒரு படத்தில் காட்டிவிடலாம் என்பதால் எழுத்தாளர்களால் துணிந்து எழுத முடிந்தது. ஃபால்அவுட் 3-உம் முதலில் அப்படித்தான் முடிந்தது. விளையாட்டை வாங்கியவர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை என்பதால் 2009-ல் புரோக்கன் ஸ்டீல் என்ற இணைப்பு வந்து, கதை முடிந்த பின்னும் விளையாட வழி செய்தது. ஃபால்அவுட் 4 தொடக்கத்திலேயே அப்படி அமைந்தது. முடிவுக்குப் பின்னும் விளையாட விட வேண்டுமென்றால், மாறிப்போன உலகத்தை உண்மையாகவே கட்டிக் காட்ட வேண்டும். அதற்கு உழைப்பும் செலவும் பல மடங்கு. ஆகவே உலகம் அதிகம் மாறாதபடி கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். முடிவற்று விளையாட வேண்டும் என்ற நம் ஆசையே நம் முடிவுகளின் கனத்தைக் குறைத்திருக்கிறது.

எனவே நான் கனவு காணும் அமைப்பு ஒன்று உண்டு. விளையாட்டை மூன்று பருவங்களாகப் பிரித்து, பருவங்களுக்கு இடையே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தாண்ட வேண்டும். ஃபால்அவுட் 4-ல் ஊர் கட்டும் வசதி வந்தபோது நான் மணிக்கணக்கில் சாங்ச்சுவரி என்ற குடியிருப்பில் வேலி அடித்து, கிணறு தோண்டி, கட்டில் போட்டேன். குடிவந்தவர்கள் நன்றி சொன்னார்கள். ஆனால் தாங்களாக ஒரு சுவரைக்கூட எழுப்பவில்லை. நான் ஊரை விட்டுப் போய் விளையாட்டுக் கணக்கில் ஓராண்டு கழித்துத் திரும்பினாலும், நான் வைத்த நாற்காலி வைத்த இடத்தில் இருந்தது. பத்தாண்டு தாண்டித் திரும்பும்போது என் வேலிக்கு வெளியே அவர்களே ஒரு சந்தை போட்டிருக்க வேண்டும். நான் தப்பாக நம்பிப் பொறுப்பைக் கொடுத்தவன் அந்தச் சந்தையில் வரி பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். கைக்குழந்தையாகப் பார்த்தவள் காவல் கோபுரத்தில் துப்பாக்கியோடு நின்று என்னை யாரென்று கேட்க வேண்டும்.

உரையாடலைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஃபால்அவுட் 4-ல் நாயகனுக்குக் குரல் கொடுத்ததோடு, எப்போதும் நான்கே பதில்கள் என்று சுருக்கியதால், நாம் சொல்லப் போவது என்னவென்றே தெரியாமல் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. 2023-ல் வந்த பெதெஸ்டாவின் விண்வெளி விளையாட்டான ஸ்டார்ஃபீல்டில் நாயகனுக்குக் குரல் இல்லை, பதில்கள் முழு வாக்கியமாக வந்தன. அந்தப் பாடத்தைக் கற்றுவிட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஸ்டார்ஃபீல்டு தந்த மற்றொரு பாடம்தான் எனக்குப் பயமூட்டுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள், பெரும்பாலும் நிரலே உருவாக்கிய நிலப்பரப்புகள். ஒரு கோளில் பார்த்த அதே கட்டடம், அதே அறை, மேசைமேல் அதே கோப்பை மற்றொரு கோளிலும் இருந்தது. விண்வெளியில் அந்த வெறுமையை ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். ஃபால்அவுட்டில் முடியாது, ஏனென்றால் இங்கே ஒவ்வொரு சிதைவும் ஒரு குறிப்பிட்ட மனிதரின் சிதைவு. வரைபடம் நான்காம் பாகத்தில் பாதியாக இருந்தாலும் எனக்குக் குறையில்லை. 2018-ல் ஃபால்அவுட் 76 மனிதப் பாத்திரங்களே இல்லாமல், ஒலிப்பதிவுகளையும் இயந்திரங்களையும் மட்டும் நம்பி வெளிவந்து, 2020 ஏப்ரலில் வேஸ்ட்லேண்டர்ஸ் என்ற இணைப்பின் மூலம் மனிதர்களைச் சேர்க்க வேண்டி வந்ததும் இதே உண்மையைத்தான் காட்டியது.

காத்திருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெதெஸ்டாவின் இன்னொரு தொடரான எல்டர் ஸ்க்ரோல்ஸின் ஆறாம் பாகத்துக்குப் பிறகே ஃபால்அவுட் 5 என்று அந்த நிறுவனத்தின் படைப்புத் தலைவர் டாட் ஹோவர்ட் 2022-ல் சொன்னார். எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-இன் முன்னோட்டம் வந்ததோ 2018-ல். பெதெஸ்டா, ஆப்சிடியன் இரண்டுமே இப்போது மைக்ரோசாஃப்டின் குடையின் கீழ் இருப்பதால், இடைப்பட்ட காலத்தில் ஆப்சிடியனிடம் ஒரு கதையைக் கொடுக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். ஆனால் நியூ வேகாஸை ஏறக்குறைய 18 மாதங்களில் முடித்து, அதன் பிழைகளால் வெளியீட்டு நாளில் அடிபட்டார்களே, அப்படி இன்னொரு முறை அவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

வெளியான அன்றே வாங்குவேனா? மாட்டேன்; முன்பதிவும் செய்ய மாட்டேன். இரண்டு வாரம் பொறுத்திருந்து, விளையாடியவர்களிடம் இரண்டே கேள்விகள் கேட்பேன். முதல் பத்து மணி நேரத்தில் நீங்கள் காப்பாற்றிய ஒருவரைக் கடைசிப் பத்து மணி நேரத்தில் மீண்டும் பார்த்தீர்களா? பார்த்தபோது அவர் மாறியிருந்தாரா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால், பிழைகள் எத்தனை இருந்தாலும் அன்றிரவே வாங்கிவிடுவேன்.