வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க்கிங் படிக்கிறேன், அடிப்படை பிடிபடவில்லை. என்ன செய்யலாம்?

திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தில் கணினி உதவியாளராக இருக்கிறீர்கள், உயர்தரத்தில் கலைப்பிரிவு, வேலையை விடாமல் பல்கலைக்கழகப் படிப்பில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. ஏழு அடுக்கு (வலையமைப்பின் வேலையை ஏழு படிகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரி), சப்நெட் (வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது), டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறை) எல்லாம் மனப்பாடமாகிறதே தவிர விளங்கவில்லை, கணிதம் படிக்காததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணிதம் காரணமில்லை. இரண்டால் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் தொடக்கப் பாடங்களுக்குப் போதும். பாடத்தை ஒரு கொப்பியிலும் வேலையை இன்னொரு கொப்பியிலும் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

நான் உப்புவெளியில் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். ரவுட்டர், கேமரா, பில் போடும் கணினிகள், விருந்தினருக்கான வைஃபை எல்லாம் என் பொறுப்பு. இங்கே வாடைக் காற்றுக் காலத்தில் உப்பு ஈரம் கேபிள் தலைக்குள் இறங்கிவிடும். செம்புக் கம்பியில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். ஆகவே படிப்பில் சேருமுன்பே கேபிளுக்குத் தலை போடக் கற்றுக்கொண்டேன். இரு முனையிலும் எட்டுக் கம்பிகளும் ஒரே வரிசையில் இருந்தால் போதும் என்று ஒருவர் சொல்லித் தந்திருந்தார். செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, கபிலச் சோடி என்று பக்கம் பக்கமாக அடுக்கிப் போட்டேன். சோதிக்கும் கருவியில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. ஆனால் நீச்சல் குளத்தருகே இருக்கும் கவுண்டருக்குப் போன எழுபது மீட்டர் கேபிளில் இணைப்பு விட்டு விட்டுத்தான் வந்தது. கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றினோம், கணினியை மாற்றினோம். கடைசியில் வெளியிலிருந்து வந்த ஒருவர் இரு தலைகளையும் வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டார், சரியாகிவிட்டது. ஏன் சரியானது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கான விடை ஒரு வருடம் கழித்து, பௌதிக அடுக்கு, அதாவது கேபிளும் சமிக்ஞையும் வரும் அடிமட்ட அடுக்கு, பற்றிய பாடத்தில் கிடைத்தது. கேபிளுக்குள் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கியிருப்பது சும்மா இல்லை. ஒரு சோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிராக ஓடுகிறது; வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாகப் படுவதால், வித்தியாசத்தை மட்டும் வாசிக்கும் கருவிக்கு இரைச்சல் கழிந்துபோகிறது. தொலைபேசிக் கம்பிக்காக கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. ஈதர்நெட் 1, 2 ஊசிகளை ஒரு சோடியாகவும் 3, 6 ஊசிகளை இன்னொரு சோடியாகவும் பயன்படுத்துகிறது. அதனால்தான் சரியான வரிசை வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம் என்று, பச்சைச் சோடி நீலத்துக்கு இருபுறமும் பிரிந்து நிற்கிறது. நான் அடுக்கிய வரிசையில் 3இல் வெள்ளைப் பச்சையும் 6இல் நீலமும் வந்திருந்தன. ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு கம்பிகள். மின்சாரம் போகிறதா என்று மட்டும் பார்க்கும் கருவிக்கு அது பிழையாகத் தெரியாது. அந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாளே ஒரே கொப்பிதான் என்று முடிவெடுத்தேன்: இடப்பக்கத்தில் வேலையில் வந்த கோளாறு, வலப்பக்கத்தில் அதற்குரிய பாடம். வலப்பக்கம் பல நாள் வெறுமையாகவே கிடக்கும். கிடக்கட்டும். எதைத் தேடிப் படிக்கிறோம் என்று தெரிந்து படிப்பது வேறு படிப்பு.

ஏழு அடுக்கு விடயத்தில் உங்களுக்குத் தலை சுற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓஎஸ்ஐ மாதிரியைச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1984இல் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1983 ஜனவரி 1ஆம் திகதி, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், இணையம் இன்றும் பேசும் விதிமுறையான டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. ஆகவே உண்மையில் ஓடும் ஒரு பொதியை (வலையமைப்பில் போகும் தரவுத் துண்டை) திறந்து ஏழு அடுக்கையும் தேடினால் கிடைக்காது. கோளாறு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பேசிக்கொள்வதற்கான அளவுகோல் அது. விளக்கு எரிகிறதா, முகவரி கிடைத்ததா, வெளியே போகும் வழியான வாசல் ரவுட்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) போகிறதா, வெளி முகவரிக்குப் போகிறதா, பெயர் முகவரியாக மாறுகிறதா என்று கீழிருந்து மேலே கேட்டுக்கொண்டு போங்கள். எங்கே முதல் 'இல்லை' வருகிறதோ அங்கே நில்லுங்கள்.

டிஎச்சிபி எனக்கு விளங்கிய நாளையும் சொல்கிறேன். ஓகஸ்ட் மாதம், விடுதி நிரம்பியிருந்தது. காலையிலிருந்து புதிதாக வந்த விருந்தினர்களுக்கு இணையம் இல்லை. முதல் நாளே வந்தவர்களுக்கு இருக்கிறது. வரவேற்பில் கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டார்கள், அதுவும் போய்விட்டது. கேபிள் விளக்கு எரிகிறது. அதன் ஐபி முகவரியைப் பார்த்தேன்: 192.168.1.104. எங்கள் வலையமைப்பில் எல்லா முகவரிகளும் 192.168.20 என்றுதான் தொடங்க வேண்டும்.

முந்திய வாரம்தான் அந்தப் பாடத்தைப் படித்திருந்தேன். புதிதாக இணையும் கருவி, 'யாராவது எனக்கு முகவரி தருவீர்களா' என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. முகவரி வைத்திருப்பவர் ஒன்றை முன்வைக்கிறார். கருவி அதையே கேட்கிறது. அவர் உறுதி செய்கிறார். இப்படி நாலு செய்திகள். பெரும்பாலும் முதலில் காதில் விழுந்த முகவரியையே கருவி எடுத்துக்கொள்கிறது. தருபவர் யார், தர உரிமையுள்ளவரா என்று கேட்க அதற்கு வழியில்லை. ஏற்கெனவே முகவரி பெற்றவர்கள் தவணை முடியும்வரை பழைய இடத்திலேயே புதுப்பித்துக்கொள்கிறார்கள். காலையில் நடந்ததெல்லாம் இந்த நாலு வரியில் அடங்கிவிட்டது. எங்கோ இரண்டாவதாக ஒருவர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வரவேற்புக் கணினியில் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்ற பட்டியலை) எடுத்து, அதற்கு வாசல் ரவுட்டராக வந்திருந்த 192.168.1.1இன் மேக் முகவரியை, அதாவது கருவிக்குத் தயாரிப்பாளர் இட்ட அடையாள எண்ணை, எழுதிக்கொண்டேன். பன்னிரண்டு எழுத்துகள், முதல் ஆறு தயாரிப்பாளரைக் காட்டும். அது நாங்கள் வாங்காத நிறுவனம். சுவிட்சின் மேக் அட்டவணையில் தேடினால் அந்த முகவரி 17ஆம் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) இருந்தது. போர்ட்டின் மேல் நானே ஒட்டிய துண்டு: சமையலறைக் களஞ்சியம். போய்ப் பார்த்தேன். அரிசி மூட்டைகளுக்கு மேல், வீட்டில் வைக்கும் சின்ன ரவுட்டர் ஒன்று. அங்கே வேலை செய்பவரிடம் கேட்டேன்.

"அண்ணா, இதை எப்போது போட்டீர்கள்?"

"நேற்று இரவு, தங்கச்சி. களஞ்சியத்துக்குள் வைஃபை வருவதில்லை, ஓர்டர் பார்க்க முடியவில்லை. ஏன், பிழையா?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்துக்கு வைஃபை போடாதது என் குறை. அவருடைய ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தி, எங்கள் வரிசையில் யாருக்கும் கொடுக்காத முகவரி ஒன்றை அதற்கு வைத்து, அங்கேயே அக்சஸ் பொயின்ட்டாக, அதாவது வைஃபை மட்டும் தரும் கருவியாக, ஓடவிட்டேன். பிறகு சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் வசதியைப் போட்டேன்: நம்பிக்கைக்குரியது என்று நாம் குறித்த போர்ட்டிலிருந்து வரும் முகவரிகளை மட்டுமே அது கடத்தும். இந்த ஒரு நாளை எழுதித்தான் அந்தப் பாடத்துக்கான ஒப்படையைக் கொடுத்தேன்.

சப்நெட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. ஐபி நாலாம் பதிப்பின் முகவரி 32 பிட், அதாவது 0 அல்லது 1 வரும் 32 இடங்கள், மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். கடைசி 8 பிட் உங்களுடையது என்றால் 256. அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 64, முதலாவது அந்தப் பகுதியின் பெயர், கடைசியானது எல்லோருக்கும் கூவ, மீதி 62. விருந்தினர், அலுவலகம், கேமரா, பில் என்று நாலு பகுதியைக் கடதாசியில் கோடு போட்டுப் பிரித்தபோதுதான் எனக்குப் பதிந்தது. இணையக் கணிப்பானை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

படிப்பு முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரித்தானியாவில் 2015 முதல் வேலையும் பட்டமும் ஒரே ஒப்பந்தத்தில் வரும் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் இருக்கிறது. வேலைநேரத்திலேயே ஒரு பகுதியைப் படிப்புக்கு ஒதுக்குவார்கள். இங்கே நம்மில் பலருக்குக் கிடைப்பது, கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) போன்ற வெளிவாரிப் பட்டம். அதில் வேலையையும் பாடத்தையும் இணைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. மேலதிகாரியிடம் முதலிலேயே பேசி, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் மற்றவர்களின் பொதிகளை அனுமதியில்லாமல் பிடிக்க வேண்டாம். உங்கள் கணினியில் வருவதே மாதக்கணக்கில் படிக்கப் போதும். அலுவலகத்தில் உடைத்துப் பார்க்க முடியாததை, கணினிக்குள்ளேயே வலையமைப்பு கட்டிப் பழகும் பாக்கெட் ட்ரேசர் மென்பொருளில் உடைத்துப் பாருங்கள்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் அலுவலகத்தில் எத்தனை சுவிட்ச், எந்தப் போர்ட்டிலிருந்து எந்த மேசைக்குக் கேபிள் போகிறது என்று நடந்து பார்த்து வரையுங்கள். எங்கே போகிறது என்று தெரியாத கேபிள் எப்படியும் ஒன்றிரண்டு வரும். அவற்றைச் சிவப்பால் குறித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.