ஷேவிங் சோப்பில் கொழுப்பு போய் பாமாயில் வந்தால் நுரை நிற்காதா?

கீழக்கரையில் சலூன் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “துபாயிலிருந்து மச்சான் கொண்டுவரும் குச்சி சோப்பைத்தான் பல வருடமாகக் கடையில் போடுகிறேன். இந்த முறை வந்த பெட்டியில், தாவர எண்ணெயில் செய்தது என்று புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மறு கன்னத்துக்கு வருவதற்குள் நுரை காய்ந்துபோகிறது. மாட்டுக் கொழுப்பு சோப்புதான் உசத்தியா? ஆனால் எந்தக் கொழுப்பு என்று கேட்கிற பாய்மார்களும் வருகிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்வது?”

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தப் புதுப் பெட்டியை எப்போது பிரித்தீர்கள்? சித்திரை வைகாசியில் என்றால், சோப்போடு சேர்த்து உங்கள் கிணற்றுத் தண்ணீரும் மாறியிருக்கும். ஏன் கேட்டேன் என்பது கொஞ்சம் கீழே புரியும்.

எந்தக் கொழுப்பையும் எண்ணெயையும் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு. ஷேவிங் சோப்பில் சோடியம் காரத்தோடு பொட்டாசியம் காரமும் சேரும். அதனால்தான் அது குளியல் சோப்பைவிட சீக்கிரம் குழைகிறது. நுரை நிற்பதும் நிற்காததும் கொழுப்பு அமிலங்களின் கையில். கன்னத்தில் தயிர் மாதிரி கெட்டியாக உட்காரும் நுரையைத் தருவது ஸ்டியரிக் அமிலம். மாட்டுக் கொழுப்பில் இது ஏறக்குறைய 20 சதவீதம். பாமாயிலில் வெறும் 5 சதவீதம்தான். (பாமாயில் நம்மூர்ப் பனையில் வருவதில்லை, மலேசியா, இந்தோனேசியாப் பக்கம் விளைகிற வேறு மரம் அது.) தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம். தொட்டதும் பொங்கும், பெரிய பெரிய குமிழாக வரும், வந்த வேகத்தில் அடங்கும். தோலையும் கொஞ்சம் வறட்டும்.

ஆக, கொழுப்பை எடுத்துவிட்டுப் பாமாயிலையும் தேங்காய் எண்ணெயையும் மட்டும் ஊற்றினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். தொழில் தெரிந்த கம்பெனி அப்படிச் செய்யாது. பாமாயிலிலிருந்தே ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்துத் தனியாகச் சேர்க்கும். மாட்டிலிருந்து வந்த ஸ்டியரிக்கும் பாமாயிலிலிருந்து வந்த ஸ்டியரிக்கும் மூலக்கூறில் ஒன்றேதான். கத்திக்கு வித்தியாசம் தெரியாது. நம் நாட்டில் 1983-ல் மாட்டுக் கொழுப்பு இறக்குமதியைத் தடை செய்த பிறகு இங்கே தயாராகும் சோப்புகள் பெரும்பாலும் தாவர எண்ணெயில்தான் ஓடுகின்றன. அதில் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு.

பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஸ்டியரேட் போன்ற பெயர்கள் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் இருந்தால் சோப்பு உருப்படி. ‘கோகோயேட்’ (தேங்காய் எண்ணெய்), ‘பாம் கெர்னலேட்’ (பாமாயில் மரத்தின் கொட்டை எண்ணெய்) என்று முடிகிற பெயர்கள் முன்னால் நின்று ஸ்டியரிக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை வாங்கவேண்டாம். அதே வரிசையில் ஈடிடிஏ இருக்கிறதா என்றும் பாருங்கள். அது உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பெட்டியில் இருந்து புதிதில் இல்லையென்றால் துப்பு கிடைத்துவிட்டது.

இப்போது தண்ணீர். கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைக் கண்டால் சேர்ந்து திரிந்து, கிண்ணத்தின் ஓரத்தில் பிசுபிசுவென்று வெள்ளை அழுக்காக ஒட்டும். அப்படித் திரிந்த சோப்பு நுரைக்கு உதவாது. கடல் நீரில் லிட்டருக்கு 1.3 கிராம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கிறது. கரையோரக் கிணற்றில் கடல் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வம்பு. கோடையில் நல்ல தண்ணீர் இறங்க இறங்க உவர்ப்பு கூடுவது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், இதில் முதலில் அடிபடுவது அந்த உசத்தியான ஸ்டியரிக்தான். உப்புத் தண்ணீரில் ஓரளவு தாக்குப்பிடிப்பது தேங்காய் எண்ணெய் சோப்பு. கப்பல்காரர்கள் கடல் நீரில் குளிக்க அதைத்தான் வைத்திருந்தார்கள்.

குற்றவாளி யார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் கேன் தண்ணீர், மற்றதில் கடைத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டு, பத்து முறை குலுக்கி, ஐந்து நிமிடம் வையுங்கள். இரண்டிலும் நுரை அடங்கினால் சோப்பு மட்டம். கடைத் தண்ணீரில் மட்டும் அடங்கி, திரிந்த பால் மாதிரி கலங்கினால் தண்ணீர்தான் காரணம். பழைய குச்சியில் ஒரு துண்டு மிச்சமிருந்தால் அதையும் இதே மாதிரி குலுக்கிப் பாருங்கள்.

தண்ணீர்தான் என்றால், பிரஷ் நனைக்கவும் நுரை எழுப்பவும் மட்டும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். ஒரு முகத்துக்கு நாலு கரண்டி போதும், பெரிய செலவில்லை. முகம் கழுவுவதற்கு எந்தத் தண்ணீரும் சரி. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கடலிலிருந்து ஏறிய உப்பு கொதித்தாலும் போகாது. அப்புறம், படிகாரக் கல்லைப் பிரஷ் கிண்ணத்திலேயே அலசுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். படிகாரத்தில் இருக்கும் அலுமினியமும் சோப்பைத் திரிக்கும்.

பாய்மார்கள் கேள்விக்கு வருகிறேன். ‘டாலோவேட்’ என்றிருந்தால் மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ. ‘லார்டேட்’ என்றால் பன்றி. வெறும் கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட் என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டு வழியிலும் வந்திருக்கலாம். கடையில் வைத்துச் சோதித்துச் சொல்லமுடியாது, தயாரிப்பாளரின் வாக்குமூலத்தைத்தான் நம்பவேண்டும். பச்சைப் புள்ளியோ ஹலால் முத்திரையோ உள்ள பெட்டியை மேசையில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டால் பாதிக் கேள்வி குறையும். லனோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பது, ஆட்டை அறுக்காமலே கிடைக்கும்.

அதற்கு முன் உங்கள் பிரஷைக் கொஞ்சம் பாருங்கள். விலை குறைந்த முடி பிரஷ் பெரும்பாலும் பன்றி முடியில் செய்வது. சோப்பை மாற்றிவிட்டு அதை விட்டுவைத்தால் கேட்டவருக்கு நீங்கள் சொன்ன பதில் பொய்யாகிவிடும். நைலான் பிரஷ் வாங்குங்கள். சீக்கிரம் காயும், தண்ணீரும் குறைவாகக் குடிக்கும்.